ஏர் ஷோவுக்கு எதிர்த்திசையில் போன ரயில்

பல்லாவரம் ஸ்டேஷன். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி இருக்கும். வெயில் அதற்குள் பிளாட்பாரத்தில் பாதியைப் பிடித்துவிட்டது. என் கணவர் தங்கராஜ் தலையில் வெள்ளைத் தொப்பி, தோளில் தண்ணீர்ப் பை, கழுத்தில் வீட்டுக்கார அம்மாவிடம் இரவல் வாங்கிய பைனாகுலர் என்று, முதல் நாள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைப் போல நின்றிருந்தார்.

தாம்பரம் பக்கம் போகிற ரயில் வந்தது. ஒலிபெருக்கி ஏதோ சொன்னது. எதிர்ப் பிளாட்பாரத்துக் கூட்டத்தின் இரைச்சலில் அது யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை.

"லில்லி, இதுல ஏறலாமா?" என்றார்.

"ஏறுங்க" என்றேன்.

அது செங்கல்பட்டு வரை போகிற வண்டி. நாங்கள் போக வேண்டியது மெரினாவுக்கு. முப்பது வருடம் புறநகர் ஸ்டேஷன்களில் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தவள் நான். வண்டியின் முகத்தைப் பார்த்தே எங்கே போகிறதென்று சொல்லிவிடுவேன். தெரிந்தேதான் அவரை ஏற்றினேன்.

இந்தத் தொடரில் இதுவரை என்னை நல்லவளாகவே காட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். போன வாரம் பல்லாவரம் சந்தை பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, 'உங்கள் வீட்டுக்காரர் கொடுத்துவைத்தவர்' என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். அந்த அம்மா இந்த வாரத்தையும் படித்துவிட்டுச் சொல்லட்டும்.

பேச்சை நிறுத்தி வைக்கும் ஊர்

நாங்கள் இருப்பது பொழிச்சலூரில். விமானங்கள் எங்கள் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைத் தொட்டுவிடுமோ என்கிற உயரத்தில் இறங்கும். புதிதாகக் குடிவருகிறவர்கள் முதல் வாரம் வாசலுக்கு ஓடிவந்து பார்ப்பார்கள். இரண்டாவது வாரம் காதைப் பொத்துவார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து எங்களில் ஒருவராகிவிடுவார்கள்.

எங்களில் ஒருவராவது என்றால் என்னவென்று சொல்கிறேன். பேசிக்கொண்டிருக்கும்போது விமானம் வந்தால், சொல்லைப் பாதியில் நிறுத்திக்கொண்டு சும்மா நிற்போம். அது போனதும் விட்ட இடத்திலிருந்து பேசுவோம். தெருவில் எல்லோருக்கும் இது பழக்கம். காய்கறிக்காரர் விலையைப் பாதியில் நிறுத்துவார், சண்டை போடுகிறவர்கள் திட்டைப் பாதியில் நிறுத்துவார்கள். எங்கள் வீட்டில் பல சண்டைகள் விமானம் கடந்து போவதற்குள் ஆறிப்போயிருக்கின்றன.

இப்படிப்பட்ட ஊரில் இருப்பவருக்கு ஏர் ஷோ பார்க்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். ஒத்திகை தொடங்கும்வரை நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒத்திகை நடந்த அன்று காலை வழக்கமான விமானங்கள் எதுவும் வரவில்லை. வானம் காலியாக இருந்தது. அந்த அமைதியே எனக்கு என்னவோ போலிருந்தது. அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தது. திடீரென்று ஒரு சத்தம். சத்தம் என்று சொல்வதே தப்பு. யாரோ வானத்தை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை கிழித்த மாதிரி. அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன.

வெளியே ஓடினேன். பக்கத்து வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அம்மா கோமதி, கையில் துடைப்பத்தோடு அண்ணாந்து நின்றாள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீடு இருக்கும் இடம் அவள் மாமனாரின் வயல்.

"இன்னா லில்லிம்மா, கூரைய பிச்சிக்கினு போற மாதிரி கீது?" என்றாள். "இத்தினி வருஷமா பாக்குறேன், இந்த மாதிரி ஒண்ணு வந்ததே இல்ல."

நான் தங்கராஜைத் தேடினேன். வீட்டுக்குள் இல்லை. மாடியில் இருந்தார். முகத்தில் பாதி சவர நுரை. வாய் திறந்தபடி வடக்கே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு மாதத்துக்கு முன்னால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். அதிலிருந்து படி ஏறவே கூடாது என்று நான் சட்டம் போட்டிருந்தேன். இரண்டு மாடி எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியவில்லை.

"அடேயப்பா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர் மூச்சு ஏறி இறங்குவதை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்கும் பிரமிப்புதான். ஆனால் பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

ஒரு சின்னப் பித்தளை வளையம்

தங்கராஜ் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு பட்டறையில் இருபத்திரண்டு வருடம் லேத் ஓட்டியவர். போக வர கம்பெனி பஸ். அதனால் ரயில் என்றால் அவருக்கு ஒன்றும் தெரியாது. தண்டவாளத்தில் ஓடும், லில்லிக்குத் தெரியும், அவ்வளவுதான்.

அவர் கடைந்தது பெரும்பாலும் புஷ். தண்டு ஒன்று சுழலும்போது உரசாமல் இருக்க உள்ளே போடுகிற பித்தளை வளையம். கட்டைவிரலில் மாட்டிக்கொள்ளலாம், அவ்வளவு சிறியது.

ஒரு தடவை வித்தியாசமான ஆர்டர் வந்ததாம். வரைபடத்தில் வாங்குகிறவர் பெயர் கிடையாது. சூப்பர்வைசர் வந்து, "இது மேல பறக்கிற சாமானுக்கு. தலைமுடி அளவு தப்புனாலும் குப்பைத்தொட்டிதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு மாதம் அதையே கடைந்தார். எந்த விமானத்துக்குப் போனது, போனதா இல்லையா, ஒன்றும் தெரியாது. ஆனால் அதற்கப்புறம் எங்கள் வீட்டின் மேல் விமானம் போனால் என் மாதிரி சும்மா நிற்க மாட்டார். ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துக்கொள்வார்.

மெரினாவில் வான்சாகசம் நடக்கப்போகிறது என்று செய்தி வந்த அன்று சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டுச் சொன்னார். "நான் போகணும் லில்லி. ஏதாவது ஒண்ணுல என் புஷ் இருக்கும்ல?"

மனுஷன் என்னிடம் இதுவரை ஒரு வேட்டிகூட வேண்டுமென்று கேட்டதில்லை. "பாக்கலாங்க" என்றேன்.

வரைபடம்

மறுநாளே தினசரிக் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் திட்டம் தயாராகத் தொடங்கியது. பட்டறை வரைபடம் போலவே அம்புக்குறிகளோடு கடற்கரையை வரைந்தார். கடல் இங்கே, மணல் இங்கே. பதினொரு மணிக்குச் சூரியன் இவ்வளவு உயரம், ஆகவே கண்ணில் இப்படி அடிக்கும், ஆகவே தொப்பி. குடை கூடாது, பின்னால் இருப்பவருக்கு மறைக்கும். புளிசாதம் வாழையிலையில், ஏனென்றால் டப்பாவைத் திரும்பத் தூக்கி வர வேண்டும். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை சட்டைப் பையில், இன்னொரு பட்டை என் கைப்பையில். எல்லாம் எழுதி அடியில் தேதி போடாமல் கையெழுத்து மட்டும் போட்டார்.

டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவராவது தடுப்பார் என்று நம்பினேன்.

"கூட்டம் வேணாம், வெயில் வேணாம். மத்தபடி சந்தோஷமா இருங்க சார்" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் இவர், "சந்தோஷமா இருக்கச் சொல்லிட்டார், கேட்டியா?" என்கிறார்.

பெங்களூரில் இருக்கும் மகன் போனில், "நீங்களே சொல்லுங்கம்மா. நான் சொன்னா கேக்க மாட்டார்" என்று கழன்றுகொண்டான். நானும் சொல்லிப் பார்த்தேன், சுற்றி வளைத்து. டிவியில் நேரடியாகக் காட்டுவார்களே என்றேன். கோமதி தன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டுத் தருவதாகச் சொன்னாள். அவர் வரைபடத்தில் இன்னொரு அம்பு போட்டார்.

போகக் கூடாது என்று நேராகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆஸ்பத்திரியில் ஐ.சி.யூ. வாசலில் மூன்று நாட்கள் உட்கார்ந்திருந்தவள் நான். அவரை இழந்துவிடுவேனோ என்ற பயத்தை அவரிடமே எப்படிச் சொல்வது?

திட்டத்தின் கடைசித் தாளை என்னிடம் நீட்டினார். அதில் ஒன்றும் எழுதவில்லை. "ட்ரெயின் உன் டிபார்ட்மென்ட்" என்றார்.

அந்தக் காலித் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

சீட் பிடிக்கும் வித்தை

எங்கள் பக்கத்து மக்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் பீச், அதாவது வடக்கே கடற்கரை ஸ்டேஷன், போகிற வண்டியில் ஏறினால் நிற்கக்கூட இடம் கிடைக்காது. ஆகவே எதிர்ப்பக்கம் போய், தாம்பரம் போகிற வண்டியில் ஏறுவோம். அது தாம்பரத்தில் காலியாகும். நாம் இறங்காமல் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொள்ள வேண்டும். அதே வண்டி பீச்சுக்குத் திரும்பும்போது, மற்றவர்கள் முட்டிமோதி ஏறுவதை ஒரு மகாராணி போலப் பார்த்துக்கொண்டு வரலாம். வடக்கே போக வேண்டியவர்கள் முதலில் தெற்கே போவதில் எங்களில் யாருக்கும் விசித்திரம் தெரியாது.

ஆனால் எல்லா வண்டியும் தாம்பரத்தோடு திரும்பாது. சில வண்டிகள் செங்கல்பட்டுக்குப் போகும். அதில் ஒன்றில் ஏற்றிவிட்டால் போதும். தப்பு நடந்துவிட்டது, எதிரே வரும் வண்டியெல்லாம் கூட்டம், மணியாகிவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்றால் முடிந்தது. யாரும் யாரையும் தடுத்ததாக ஆகாது. ரயில்மேல் பழியைப் போட்டுவிடலாம். சிங்கப்பெருமாள் கோவில்வரை போனால் அவருடைய பழைய இடம், மனம் கொஞ்சம் சமாதானமாகும் என்றும் கணக்குப் போட்டேன். ஞாயிறு ஆராதனைக்குப் போகாமல் புருஷனை ஏமாற்றுகிறோமே என்று ஒரு நிமிடம் உறுத்தியது. ஆண்டவர் புரிந்துகொள்வார் என்று அவர்மேலும் கொஞ்சம் பாரத்தைப் போட்டேன்.

தாம்பரத்தில் வண்டி நின்றது. முக்கால்வாசிப் பேர் இறங்கினார்கள். "பாத்தியா, எல்லாம் உன் பிளான்படி" என்று காலை நீட்டிக்கொண்டார். வண்டி கிளம்பியது. இரும்புலியூர் வீடுகள் ஜன்னலில் வந்தன.

"என்ன லில்லி, இப்படியே போகுது?"

"ஐயையோ, இது செங்கல்பட்டு வண்டி போல இருக்குங்க" என்று நெஞ்சில் கை வைத்தேன். எனக்கு இவ்வளவு நன்றாக நடிக்க வரும் என்று அன்றுதான் தெரிந்தது.

பெருங்களத்தூரில் இறங்கலாம் என்று எழுந்தார். எதிர்ப் பிளாட்பாரத்தைப் பார்த்ததும் உட்கார்ந்தார். குழந்தைகளும் தண்ணீர் பாட்டில்களும் தேசியக் கொடிகளுமாக அவ்வளவு ஜனம்.

"இன்னும் பின்னால போனா காலியா ஏறலாங்க" என்றேன். எங்கள் ஊர் ஆள் இதை மறுப்பானா? வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று, மெரினாவில் நல்ல இடம் பிடிப்பதற்காக மெரினாவை விட்டு விலகிக்கொண்டே போனோம்.

டிக்கெட்

சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி எதிர்ப் பிளாட்பாரத்துக்கு வந்தோம். முதல் வண்டி வந்தது. வாசலில் ஆட்கள் தொங்கிக்கொண்டு வந்தார்கள். இரண்டாவதும் அப்படியே. அவர் இரண்டு தடவையும் ஓரடி முன்னால் வைத்துவிட்டுப் பின்வாங்கினார். பைனாகுலரைக் கழுத்திலிருந்து கழற்றிப் பைக்குள் வைத்தார்.

"என்னாலதான் லில்லி" என்றார். "நான் மெதுவா நடந்தேன். இல்லன்னா முந்துன வண்டியப் புடிச்சிருப்போம். நீயும் பாவம், அவசரத்துல மாத்தி ஏறிட்ட."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் டிக்கெட் பரிசோதகர் வந்துவிட்டார்.

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். டிக்கெட் இல்லாத பயணம் என்பது என்னால் ஆகாத காரியம். முப்பது வருடம் கவுண்டருக்குப் பின்னால் இருந்த கை அது. புருஷனை ஏமாற்றத் திட்டம் போட்டவள், ரயிலை ஏமாற்ற மனமில்லாமல், காலையிலேயே சரியான டிக்கெட் வாங்கியிருந்தேன்.

பரிசோதகர் வாங்கிப் பார்த்து உரக்கப் படித்தார். "பல்லாவரம் டு சிங்கப்பெருமாள் கோவில், ரெண்டு பேர், ரிட்டர்ன். சரிம்மா. ஏன் வெயில்ல நிக்கிறீங்க, வெளிய மரத்தடியில உக்காருங்க."

அவர் போனதும் தங்கராஜ் கையை நீட்டினார். டிக்கெட்டைக் கொடுத்தேன். பட்டறையில் அளவு பார்ப்பதுபோலக் கண்ணருகே வைத்துப் படித்தார்.

"காலையில வாங்குனதா?"

"ஆமாங்க."

"வேணாம்னு சொல்லியிருக்கலாமே."

"சொன்னா கேட்டிருப்பீங்களா?"

"மாட்டேன். சண்டை போட்டிருப்பேன்." டிக்கெட்டை மடித்து என்னிடமே தந்தார். "சண்டை போட்டிருக்கலாம் லில்லி."

குன்றின் பின்னாலிருந்து

ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு டீக்கடை, பக்கத்தில் புங்க மரம். இருவரும் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்கவில்லை. டீயில் ஆடை படிந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. பொழிச்சலூராக இருந்தால் ஒரு விமானமாவது குறுக்கே வந்திருக்கும். இங்கே அந்த உதவியும் இல்லை.

பதினொன்றை நெருங்கியிருக்கும். மேற்கே குன்றின் பின்னாலிருந்து ஒரு சின்ன விமானம் வந்தது. சிவப்பும் வெள்ளையும். அதிகச் சத்தமில்லை. பிறகு தெற்கிலிருந்து இரண்டு. மரத்துக்குப் பின்னாலிருந்து இன்னும் ஆறு. அவர் எழுந்து வெட்டவெளிக்குப் போனார். நானும் போனேன். ஒன்பது விமானங்கள் எங்கள் தலைக்கு மேல் பெரிய வட்டம் போட்டன.

முதல் சுற்றில் அவை தனித்தனியாக இருந்தன. இரண்டாவது சுற்றில் மும்மூன்றாகச் சேர்ந்தன. மூன்றாவது சுற்றில் இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்தது. போதும், இதற்குமேல் நெருங்கக் கூடாது என்று முணுமுணுத்தேன். அவை இன்னும் நெருங்கின. கடைசியில் ஒன்பதும் ஒரே பொருளாக, ஒரே பக்கமாகச் சாய்ந்து திரும்பியபோது, ஒன்பது வயிற்றிலும் வெயில் ஒரே நேரத்தில் மின்னியது.

டீக்கடைக்காரர் பால் பொங்கி வழிவதைக் கவனிக்கவில்லை. ரோட்டில் ஒரு பஸ் நின்றது. டிரைவர் இறங்கி இடுப்பில் கை வைத்து அண்ணாந்து நின்றார். ஜன்னல் ஜன்னலாகத் தலைகள். "ஆண்டவரே" என்று என் வாயில் வந்தது. காலை ஆராதனையில் சொல்லியிருக்க வேண்டியது, மரத்தடியில் சொன்னேன். என் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. மனிதர்களால் இது முடியுமா என்று சின்னப் பிள்ளைபோல் வியந்தேன்.

அவை வடக்கே போனதும் வேறொன்று வந்தது. ஒற்றை விமானம், சாம்பல் நிறம். எங்களைக் கடந்த பிறகே அதன் சத்தம் வந்து சேர்ந்தது. டீக்கடைத் தகரம் அதிர்ந்தது. அது மூக்கைத் தூக்கி நேராக மேலே ஏறியது. புள்ளியாகி, புள்ளியும் இல்லாமலாகும்வரை ஏறியது. சத்தம் மட்டும் எங்கள் நெஞ்சுக்குள் உருண்டுகொண்டிருந்தது.

திரும்பிப் பார்த்தேன். அவர் மார்பில் கை வைத்திருந்தார். கைப்பையில் மாத்திரையைத் துழாவினேன்.

"ஒண்ணுமில்ல" என்றார். "சத்தம் உள்ள அடிக்குது. நல்லா இருக்கு." கண்ணெல்லாம் ஈரம்.

பிறகு அவராகவே பேசினார். "ரெண்டு றெக்கைக்கு நடுவுல எவ்ளோ கேப்னு பாத்தியா? நாங்க மெஷின்ல இறுக்கிப் புடிச்சு வெச்சுக் கொண்டுவர்ற அளவ இவங்க பறந்துகிட்டே கொண்டுவர்றாங்க." சற்று நேரம் வடக்கே பார்த்தார். "பீச்சுல நின்னிருந்தா சேர்ந்தப்புறம்தான் பாத்திருப்போம். சேர்றதப் பாத்திருக்க மாட்டோம்."

மன்னித்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் கையைப் பிடித்தேன், விலக்கவில்லை. புளிசாதத்தை அங்கேயே பிரித்தோம். டீக்கடைக்காரருக்கும் ஒரு பங்கு கொடுத்தார். தன் புஷ் கதையை அவரிடம் முழுசாகச் சொன்னார். "அப்போ மேல போனது உங்க சாமான்தான் சார்" என்று அந்த நல்ல மனிதர் அடித்துச் சொன்னார். தங்கராஜ் சிரித்தது எனக்கு ஏர் ஷோவைவிடப் பெரிதாக இருந்தது.

அன்று மாலை டிவியில் கடற்கரைக் கூட்டத்தையும் வெயிலையும் காட்டினார்கள். நான் செய்தது சரிதான் என்று சொல்ல அந்தக் கூட்டத்தைச் சாட்சிக்கு இழுக்கப் போவதில்லை. ஏனென்றால் அதற்கு முன்பே, திரும்பி வரும் வழியில் ஒன்று நடந்தது.

பகல் ஒரு மணி வாக்கில் பிளாட்பாரத்துக்கு வந்தோம். கூட்டமில்லை. வண்டி வந்துகொண்டிருந்தது. நான் அவருக்கு இடப்பக்கம், கை தொடும் தூரத்தில் நின்றிருந்தேன். அவர் வலப்பக்கம் திரும்பி, கூடையோடு உட்கார்ந்திருந்த கொய்யாப்பழக்கார அம்மாவிடம் குனிந்தார்.

"ஏம்மா, இந்த வண்டி பல்லாவரம் போகுமா?"

"போவும் நைனா, பீச்சு வண்டிதான். ஏறுங்க" என்றாள் அவள்.

அவள் சரியாகத்தான் சொன்னாள். அவர் ஏறினார். நான் பின்னால் ஏறினேன்.